வண்ணமும் வடிவமும்: நம் வாசகசாலைப் படம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் வாசகசாலைப் பொறுப்பாளர் ஆற்றிய உரை)

 

ஓவியக் கலையைப் பற்றிப் பேசப் புகுவோன் அக்கலையைக் கற்றுத் தேர்ந்தவனாக இருத்தல் வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்ப்பது முறையே. அடியேனோ பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, இரயில்வே சரக்கு அலுவலகத்தில் எழுத்தனாய்ப் பேரேடு புரட்டுபவன். ஆயினும், நம் சங்கத்து வாசகசாலையின் பொறுப்பு என்னிடம் இருத்தலால், அங்கே தொங்கும் ஒரு படத்தைப் பற்றி எழுந்த வினாக்கள் யாவும் முதலில் என் மேசைக்கே வந்து சேர்ந்தன. விடை தேடிப் படித்தவற்றையும், மாலை வேளைகளில் அப்படத்தின் முன்னிருந்து கண்டவற்றையும் இன்று உங்கள் முன் வைக்க விழைகிறேன். குறையிருப்பின் பொறுத்து, குணமிருப்பின் கொள்ள வேண்டுகிறேன்.

படமும் வினாவும்

நம் காலனியிலேயே பிறந்து வளர்ந்து, ஓவியக் கல்லூரியில் பயின்று வரும் ஒரு மாணவி, தம் பயிற்சியின் பொருட்டுத் தம் கையாலேயே அச்சிட்ட படம் ஒன்றைச் சென்ற ஆண்டு வாசகசாலைக்கு அன்பளிப்பாக அளித்தார். நீங்கள் அனைவரும் கண்டிருப்பீர்கள். அதில் மனிதர் இல்லை, மலை இல்லை, மரம் இல்லை, கோயிற் கோபுரமும் இல்லை. ஒன்றனுள் ஒன்றாக நான்கு சதுரங்கள். வெளியே அடர்ந்த சாம்பல். அதனுள் வெளிறிய சாம்பல். அதனுள் மாம்பழ மஞ்சள். நடுவே எலுமிச்சை மஞ்சள். அவ்வளவே.

“இதில் என்ன இருக்கிறது?” என்று ஒருவர் கேட்டார். “இதனை என் பேரனே வரைவானே!” என்றார் மற்றொருவர். “வாசகசாலைச் சுவரில் வள்ளுவரும் பாரதியாரும் இருக்கும் இடத்தில் இந்தக் கட்டங்களுக்கு என்ன வேலை?” என்று நம் மதிப்பிற்குரிய பெரியவர் ஒருவர் வினவினார். படத்தை எடுத்துவிட்டு ஓர் இயற்கைக் காட்சியை மாட்டலாம் என்னும் கருத்து இப்பொழுது செயற்குழுவின் முன் உள்ளது. முடிவு செய்யும் உரிமை செயற்குழுவிற்கு உண்டு. முடிவு செய்வதற்கு முன், அப்படம் யாது சொல்கிறது என்பதைக் கேட்டறிதல் முறையல்லவா? அதற்காகவே இவ்வுரை.

அப்படம் சொல்வது ஒன்றே ஒன்று. அது வருமாறு: ஒரு நிறத்திற்குத் தன்னந்தனியான தோற்றம் என்று ஒன்றில்லை; அண்டையில் நிற்கும் நிறமே அதன் தோற்றத்தை ஆக்குகிறது. இவ்வுண்மையைச் சொல்லில் சொன்னால் நம்புவது கடினம். கண்ணால் கண்டாலன்றி விளங்காது. கண்ணுக்குக் காட்டுவதற்காகவே இத்தகைய படங்கள் பிறந்தன.

ஆல்பர்ஸ் என்னும் ஆசிரியர்

அம்மாணவி பின்பற்றிய அமைப்பு ஜோசப் ஆல்பர்ஸ் என்னும் ஓவியருடையது. அவர் 1888-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 19-ஆம் நாள், ஜெர்மனியின் நிலக்கரிச் சுரங்க வட்டாரத்தில் பொட்ராப் என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய தந்தையார் வீடுகளுக்கு வண்ணம் பூசுதல் முதலிய பல கைத்தொழில் அறிந்தவர். கதவுக்கு வண்ணம் பூசும்போது நடுவிலிருந்து தொடங்கி வெளிப்புறம் நோக்கிப் போக வேண்டும். அப்பொழுதுதான் வழிகின்ற வண்ணத்தைத் தூரிகையால் பிடித்துக்கொள்ளலாம், சட்டைக் கையும் கறைபடாது என்று தந்தை மகனுக்குக் கற்பித்தாராம். முதுமையில் தம் சதுரங்களையும் நடுவிலிருந்தே தொடங்கித் தீட்டியவர் ஆல்பர்ஸ். தந்தையின் தொழிற்பாடம் மகனின் கலைப்பாடமாயிற்று.

தொடக்கப்பள்ளி ஆசிரியராய் இருந்த அவர், 1920-இல், தம் 32-ஆம் வயதில், ஜெர்மனியின் புகழ்பெற்ற பௌஹவுஸ் கலைப்பள்ளியில் மாணவராய்ச் சேர்ந்தார். வண்ணம் வாங்கப் பணமில்லாக் காலம் அது. ஊர்க் குப்பைமேட்டில் கிடந்த உடைந்த கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கி வந்து, அவற்றை இணைத்துப் படம் செய்தார். சில ஆண்டுகளில் அப்பள்ளியிலேயே ஆசிரியரானார். 1933-இல் நாஜிகளின் நெருக்கடியால் பௌஹவுஸ் மூடப்பட்டது. அவருடைய துணைவியார் ஆனி ஆல்பர்ஸ், யூதக் குடும்பத்தில் பிறந்தவர். தேர்ந்த நெசவுக் கலைஞர். இருவரும் அவ்வாண்டின் இறுதியிலேயே அமெரிக்கா சென்று, வடகரோலினாவில் புதிதாய்த் தொடங்கப்பட்ட பிளாக் மவுண்டன் கல்லூரியில் பணியேற்றனர். அப்பொழுது ஆல்பர்ஸுக்கு ஆங்கிலம் மிகச் சிறிதே தெரியும். மாணவர்க்கு என்ன கற்பிக்கப் போகிறீர்கள் என்று வினவியபோது, கண்களைத் திறப்பதே தம் பணி என்னும் பொருள்படத் தட்டுத் தடுமாறி விடையளித்தார். அவ்விடையே அவருடைய வாழ்நாள் கொள்கையாயிற்று.

1950-இல் யேல் பல்கலைக்கழகத்தில் வடிவமைப்புத் துறைக்குத் தலைவரானார். அவ்வாண்டிலேயே, தம் 62-ஆம் வயதில், “சதுரத்திற்கு வணக்கம்” என்னும் வரிசையைத் தொடங்கினார். நம்மில் பலர் ஓய்வூதியத் தாள்களில் கையொப்பமிட்டுவிட்டுச் சாய்வு நாற்காலியை நாடும் வயது அது! அன்று தொடங்கி, 1976-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 25-ஆம் நாள் மறையும் வரை, ஏறத்தாழ 26 ஆண்டுகள் ஒரே அமைப்பில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட படங்களைத் தீட்டினார். வண்ணங்களைக் குழாயிலிருந்து அப்படியே எடுத்துக் கத்தியால் பலகையில் பூசினார். எந்நிறுவனத்தின் எந்த வண்ணத்தைப் பயன்படுத்தினார் என்பதைப் படத்தின் பின்புறத்தில் கணக்கப்பிள்ளை போல் எழுதி வைத்தார். எழுத்தனாகிய எனக்கு அச்செய்தியைப் படித்தபோது அவர்மேல் தனியன்பு பிறந்தது.

1971-இல் நியூயார்க்கிலுள்ள மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம், உயிரோடிருக்கும் ஓவியர் ஒருவருக்கு வாழ்நாட் படைப்புக் கண்காட்சி நடத்தும் பெருமையை முதன்முதலாக அவருக்கே அளித்தது. அவர் மறைந்தபின், 1980-இல், “கல்விக்கு முடிவில்லை” என்னும் பொருளுடைய வாசகத்தோடு அவருடைய சதுரப் படம் ஒன்றை அமெரிக்க அரசு அஞ்சல் தலையாக வெளியிட்டது. “பேரன் வரைவானே” என்று நாம் எளிதாய்ச் சொல்லிவிட்ட கட்டங்கள் இத்தகையவை.

சாயப்பட்டறை தந்த உண்மை

அண்டை நிறத்தால் நிறம் மாறித் தோன்றும் என்னும் இவ்வுண்மை எங்கே தெளிவாய் ஆராயப்பட்டது தெரியுமா? பாரிஸ் நகரத்தில், கோபெலின் என்னும் அரசாங்க நெசவாலையின் சாயப்பட்டறையில்! செவ்ரல் என்னும் வேதியியல் அறிஞர் 1824-இல் அங்கே சாயப்பணித் தலைவராய் அமர்ந்தார். கறுப்பு நூல் போதிய கருமையின்றி இருக்கிறது என்று நெசவாளர் குறை கூறினர். அவர் சாயத்தைச் சோதித்தார்; மற்ற பட்டறைகளின் கறுப்பு நூலையும் வரவழைத்து ஒப்பிட்டார்; குறை சாயத்தில் இல்லை. பின் எங்கே இருந்தது? அக்கறுப்பின் அருகே நெய்யப்பட்ட நீலம், ஊதா முதலிய நிறங்களே அதன் கருமையைக் குன்றச் செய்தன என்று கண்டார். ஆண்டுக்கணக்காய் ஆராய்ந்து, 1839-இல் அதனைப் பெருநூலாக வெளியிட்டார். 1786-இல் பிறந்து 1889-இல் மறைந்த அவர், நூறாண்டு கடந்து வாழ்ந்த பெருமகனார்.

தாய்மார்களே! இவ்வுண்மையை நீங்கள் செவ்ரல் சொல்லியா அறிந்தீர்கள்? புடைவைக்கு இரவிக்கைத் துணி எடுக்கச் செல்லும்போது, துணியைத் தனியே பார்த்து நீங்கள் வாங்குவதில்லை. புடைவையின் உடல் மீதும் கரை மீதும் வைத்துப் பார்க்கிறீர்கள். கடை விளக்கை நம்பாமல் வாசல் வெளிச்சத்திற்கு எடுத்துச் செல்கிறீர்கள். பச்சைக் கரைமேல் பளிச்சென்று தோன்றிய அரக்கு, ஊதாக் கரைமேல் மங்கிவிடக் காண்கிறீர்கள். பாவில் ஒரு நிறமும் ஊடையில் ஒரு நிறமுமாய் நெய்த மயில்கழுத்துப் பட்டு, அசையுந்தோறும் வேறு நிறம் காட்டுவதையும் அறிவீர்கள். ஆதலின் அச்சதுரப் படத்தைப் பார்த்து வியக்கும் தகுதி இந்த அவையில் எவரையும்விட உங்களுக்கே மிகுதி.

இனி நம் படத்திற்கு வருவோம். வெளிறிய சாம்பல் பட்டையைச் சற்று நேரம் உற்றுப் பாருங்கள். மஞ்சளை ஒட்டிய அச்சாம்பலில் ஒரு நீலச் சாயல் தோன்றும். ஓர் அஞ்சலட்டையில் சிறு துளையிட்டு, அத்துளை வழியே சாம்பலை மட்டும் பாருங்கள். நீலம் மறைந்துவிடும், வெறுஞ்சாம்பலே எஞ்சும். அட்டையை எடுத்துவிட்டால் மீண்டும் நீலம்! தாளில் நீல மை ஒரு துளியும் இல்லை. மஞ்சளின் மாற்று நிறமாகிய நீலத்தை நம் கண்ணே அச்சாம்பலின் மேல் படரவிடுகிறது.

மற்றொன்றும் காண்பீர்கள். அப்பட்டை முழுவதும் ஒரே மை. ஒரே சீரான பரப்பு. ஆயினும், அடர்சாம்பலை ஒட்டிய வெளி ஓரத்தில் அது வெளுத்தும், மஞ்சளை ஒட்டிய உள் ஓரத்தில் கறுத்தும் தோன்றும். ஓவியர் நிழல் தீட்டியிருக்கிறார் என்று நான்கு பேர் என்னிடம் வாதிட்டனர். நிழல் எதுவும் இல்லை. கருமைக்கு அருகே வெண்மை மிகும். ஒளிக்கு அருகே இருள் மிகும். இஃது அண்டையின் விளைவு.

வடிவம் அடங்கி நிற்பது ஏன்?

“நிறத்தைக் காட்டுவதாயின் ஒரு மலரை வரைந்து காட்டலாகாதா? சதுரம் எதற்கு?” என்று கேட்கலாம். நல்ல கேள்வி. மலரை வரைந்தால் நாம் மலரைப் பார்ப்போம், அதன் பெயரைச் சொல்வோம், அழகாயிருக்கிறது என்போம், நகர்ந்துவிடுவோம். நிறத்தைப் பாரோம். சதுரத்தில் கதை இல்லை, இதழ் இல்லை, பெயர் சொல்லி அப்பால் செல்ல இடமில்லை. அது வாய்மூடி நிற்பதால் நிறம் பேசத் தொடங்குகிறது. நல்ல பக்கவாத்தியக்காரர் பாடகரை முன்னிறுத்தித் தாம் அடங்கி வாசிப்பது போன்றது அது.

அடங்கி நிற்பதனால் வடிவம் வேலையே செய்யவில்லை என்று எண்ணிவிடாதீர்கள். அளவுகோல் கொண்டு அளந்து பார்த்தேன். மிகப் பெரிய சதுரத்தின் பக்கம் 10 பங்கு எனின், மற்றவை முறையே 8, 6, 4 பங்குகள். ஆனால் அவை ஒரே மையத்தில் அமையவில்லை. ஒவ்வொரு பட்டையும் கீழே அரைப்பங்கு, பக்கங்களில் ஒவ்வொரு பங்கு, மேலே ஒன்றரைப் பங்கு அகலம் உடையது. அதாவது 1:2:3 என்னும் கணக்கு. இதனால் சதுரங்கள் கீழே நெருங்கி, மேலே அகன்று, தரையில் கனமாய் அமர்ந்திருப்பன போலவும், அதே நேரத்தில் ஒரு வாயிலுக்குள் வாயிலாய் உள்ளே செல்வன போலவும் தோன்றுகின்றன. நிறங்களின் வரிசையை மாற்றினால், உள்ளே சென்ற வாயில் வெளியே எழும் மேடையாகிவிடும். வடிவம் மாறவில்லை, நிறம் மாறியது, அதனால் வடிவமே மாறியது போல் ஆயிற்று. வண்ணத்திற்கும் வடிவத்திற்கும் உள்ள உறவு இதில் விளங்கும்.

நாம் இரயில்வேக்காரர்கள். இவ்வுறவு நமக்குப் புதிதன்று. பழைய கைகாட்டி மரத்தை நினைத்துப் பாருங்கள். பகலில் ஓட்டுநர் கண்டது கையின் வடிவும் நிலையும். இரவில் கண்டது விளக்கின் நிறம். ஒரே செய்தியைப் பகலில் வடிவமும் இரவில் வண்ணமும் சொல்லின. எண்ணெய் விளக்குக் காலத்தில் பச்சை ஒளி காட்டுவதற்கு அக்கைகாட்டியில் பதித்த கண்ணாடி பெரும்பாலும் நீலச் சாயல் கொண்டதே. மண்ணெண்ணெய்ச் சுடரின் மஞ்சளொளி அதன் வழியே வந்தபோது தொலைவிலிருந்தவர்க்குப் பச்சையாயிற்று. கண்ணாடி தனித்தும் பச்சையன்று. சுடர் தனித்தும் பச்சையன்று. இரண்டும் சேர்ந்த இடத்தில் பச்சை பிறந்தது. இன்றைய மின்விளக்குக் கைகாட்டியிலும் விளக்கைச் சுற்றிக் கறுப்புத் தகடு வைத்திருப்பது எதற்காக? வெட்டவெளியின் வெளிச்சம் விளக்கின் நிறத்தை விழுங்கிவிடாதிருக்கக் கரிய அண்டை ஒன்று வேண்டும் என்பதற்காகவே.

நிறத்தைப் பற்றிய அறிவு வெறும் பொழுதுபோக்கன்று என்பதற்கும் இரயில்வே வரலாறே சான்று. 1875-ஆம் ஆண்டு நவம்பரில் ஸ்வீடன் நாட்டின் லாகர்லுண்டா என்னுமிடத்தில் இரு வண்டிகள் மோதி உயிர்ச்சேதம் விளைந்தது. ஊழியருக்கு நிறக்குருடு இருந்திருக்கலாம் என்று ஹோம்கிரன் என்னும் உடலியல் அறிஞர் ஐயுற்றார். அவ்விபத்துக்கு அதுவே காரணமா என்பது பிற்கால ஆய்வாளர்களால் வினவப்பட்டுள்ளது. ஆயினும், பல நிற உல்லன் நூற்கண்டுகளைக் கொடுத்து ஒத்த நிறங்களைப் பொறுக்கச் சொல்லும் அவருடைய சோதனை, இரயில்வேத் தொழிலாளர்க்கு நிறப்பார்வைத் தேர்வு பரவுவதற்கு வழிவகுத்தது. இன்று நம் ஓட்டுநர்களும் நிலைய அதிகாரிகளும் மருத்துவத் தேர்வில் காணும் புள்ளிப் படங்கள், ஜப்பானியர் இஷிஹாரா 1917-இல் வெளியிட்டவை. அப்படத்தில் எண்ணுக்கு எல்லைக்கோடு ஏதேனும் உண்டா? இல்லை. புள்ளிகளின் நிற வேற்றுமை ஒன்றே எண்ணின் வடிவத்தை எழுப்புகிறது. நிறம் தெரியாதவர்க்கு வடிவமும் தெரியாது. ஆகவே அருவ அச்சோவியத்தை நாம் பார்த்ததே இல்லை என்று சொல்ல முடியாது. அதன் நெருங்கிய உறவினைக் கண்டு தேர்ந்த பின்னரே நம்மில் பலர்க்கு வண்டி ஓட்டும் உரிமை கிடைத்தது!

அமெரிக்காவில் 1950-களிலும் 60-களிலும் ராத்கோ, நியூமன் முதலியோர் பெருந்திரைகளில் நிறப்பரப்புகளையே படமாக்கினர். “வண்ணப் பரப்பு ஓவியம்” என்று அறிஞர் அதனைக் குறிப்பர். அவர்கள் நிறத்தால் உள்ளத்தை உருக்க விழைந்தார்கள். ஆல்பர்ஸ் நிறத்தால் கண்ணைப் பயிற்ற விழைந்தார். வழி வேறாயினும் உருவங்களை நீக்கி நிறத்தையே தலைமையாக்கியது இருவர்க்கும் பொது. நம் நாட்டிலும் இத்தகையோர் உண்டு. மத்தியப் பிரதேசத்தின் பாபரியா என்னும் சிற்றூரில் 1922-இல் பிறந்த சையத் ஹைதர் ராசா, 1950-இல் பிரான்ஸ் சென்று பல்லாண்டுகள் வாழ்ந்தவர். இளமையில் ஓடியாடித் திரிந்த அவரை, பள்ளி ஆசிரியர் சுவரில் ஒரு புள்ளியிட்டு அதனையே நோக்கி அமரச் செய்தாராம். அப்புள்ளியே பின்னாளில் “பிந்து” என்று அவருடைய படங்களின் நடுவே கருவட்டமாய் வந்து அமர்ந்தது. அவருடைய படங்கள் பல திரை அச்சிலும் வெளிவந்து, பல வீட்டுச் சுவர்களை அடைந்தன. 2016-இல் தில்லியில் மறைந்தார்.

திரை அச்சின் அருமை

இனி, அச்சு வேலையைப் பற்றிச் சில சொற்கள். அச்சு என்றவுடன் இயந்திரத்தில் ஆயிரக்கணக்காய் வந்து விழும் நாட்காட்டியை எண்ணுகிறோம். நாட்காட்டிப் படத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். நீலம், செந்நீலம், மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளின் நுண்புள்ளிகள் தெரியும். அங்கே மாம்பழ நிறம் என்று தனி மை இல்லை. புள்ளிகள் கூடி அந்நிறம் போல் நடிக்கின்றன. நம் வாசகசாலைப் படத்தைக் கண்ணாடியால் பாருங்கள். புள்ளியே இராது. மாம்பழ நிறத்திற்கென்று கலந்த ஒரே மை, தாளின் மேல் சீராய்ப் படிந்திருக்கும்.

இதன் முறை உங்களுக்குத் தெரிந்ததே. கடைத்தெருவில் திருமண அழைப்பிதழும் நம் சங்கத்துப் பதாகையும் அச்சிடும் அதே ஸ்கிரீன் பிரிண்டிங் தான். மரச்சட்டத்தில் நுண்ணிய வலைத்துணியை இழுத்துக் கட்டி, அச்சாக வேண்டிய இடம் நீங்கலாக மற்ற இடங்களின் கண்களை அடைத்து, மையை ஊற்றி, ரப்பர்ப் பட்டையால் ஒரே சீராய் இழுக்க வேண்டும். முற்காலத்தில் வலை பட்டினால் ஆனது, இன்று பாலியெஸ்டர். இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் சாமுவேல் சைமன் என்பார் 1907-இல் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். விளம்பரப் பலகைக்கும் துணிக்கும் பயன்பட்ட இத்தொழிலை ஓவியர் பின்னர்த் தமதாக்கிக் கொண்டனர்.

நான்கு சதுரம் தானே, எளிது என்று எண்ண வேண்டா. அம்மாணவியிடம் கேட்டறிந்தேன். நிறம் ஒன்றுக்குச் சட்டம் ஒன்று; ஆக நான்கு சட்டங்கள், நான்கு முறை அச்சு. ஒவ்வொரு முறையும் முன்னைய மை உலர வேண்டும். தாளை முன்பு வைத்த இடத்திலேயே மயிரிழையும் பிசகாமல் வைக்க வேண்டும். சற்றே விலகினால் இரு சதுரங்களுக்கிடையே வெள்ளைக் கோடு எட்டிப்பார்க்கும். சற்றே ஏறினால் கருங்கோடு விழும். எக்கோடு விழுந்தாலும் நிறமும் நிறமும் நேருக்கு நேர் சந்திப்பது தடைப்படும். படத்தின் உயிர் போய்விடும். ஈரத்தில் ஒரு நிறமாயிருக்கும் மை உலர்ந்தபின் வேறு நிறமாகும். ஆகையால் கலந்து, பூசி, உலர்த்தி, பார்த்து, மீண்டும் கலக்க வேண்டும். மலரோ மரமோ அச்சிட்டால் சிறு பிழை இலைகளுக்குள் ஒளிந்துகொள்ளும். வெற்றுப் பரப்பில் பிழைக்கு ஒளியிடமே இல்லை.

ஆல்பர்ஸும் இம்முறையை மிகவும் போற்றினார். 1963-இல் யேல் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட அவருடைய நிற நூலில் 150 வண்ணப் படத்தாள்கள் இருந்தன. அவற்றுள் பெரும்பாலானவை திரை அச்சிலேயே செய்யப்பட்டன. நிறங்களின் உறவைப் பற்றிய நூலில் நிறமே புள்ளிக் கலவையாய் இருந்தால் பாடம் பொய்யாகிவிடும் அல்லவா?

வீட்டிலேயே செய்து பாருங்கள்

ஆல்பர்ஸ் தம் மாணவர்க்கு வண்ணக் குழம்பைவிட வண்ணத் தாள்களையே மிகுதியும் கொடுத்தார். கலக்கும் துன்பமில்லை, ஒரே தாள் எங்கு வைத்தாலும் ஒரே நிறம் என்பதில் ஐயமுமில்லை. இளஞ்சிறார்களே! கைவினைப் பாடத்தில் எஞ்சிய தாள்கள், பழைய அழைப்பிதழ்கள் ஆகியவற்றைக் கொண்டு நீங்களும் செய்யலாம்.

முதலாவது: சாம்பல் நிறத் தாளில் ஒரே அளவாய் இரு துண்டுகள் வெட்டுங்கள். ஒன்றைக் கறுப்புத் தாளின் நடுவிலும், மற்றொன்றை வெள்ளைத் தாளின் நடுவிலும் வையுங்கள். வீட்டிலுள்ளோரை அழைத்து எது வெளுப்பு என்று கேளுங்கள். கறுப்பின் மேலுள்ளதே வெளுப்பு என்பார்கள். பிறகு இரண்டையும் எடுத்து அருகருகே வைத்துக் காட்டுங்கள்.

இரண்டாவது: சிவப்புத் தாளில் வட்டம் ஒன்று வெட்டி, வெள்ளைத் தாளில் வைத்து, அரை நிமிடம் இமைக்காமல் பாருங்கள். பின்பு வெறுஞ்சுவரைப் பாருங்கள். பச்சைச் சாயலில் ஒரு வட்டம் சுவரில் மிதக்கும். சிவப்பைக் கண்டு களைத்த கண், அதன் மாற்றைத் தானே படைத்துக்கொள்கிறது.

மூன்றாவது, சற்றுக் கடினமானது: இரு வேறு சாம்பல் துண்டுகளைத் தேடியெடுத்து, அவை ஒரே நிறமாய்த் தோன்றும்படி இரு வேறு பின்னணிகளைக் கண்டுபிடியுங்கள். ஒன்றை இரண்டாக்குவது எளிது. இரண்டை ஒன்றாக்குவது அரிது. கண்டுபிடித்தவர்க்கு வாசகசாலையின் சார்பில் பரிசு ஒன்று அளிப்பேன்.

இதனால் நாம் பெறுவது யாது?

பெரியவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். வள்ளுவர் இருக்கும் சுவரில் இதற்கு என்ன வேலை என்றார். ஐயா, தங்கள் கேள்வியில் தமிழ்ப்பற்றே இருக்கிறது; அதனை வணங்குகிறேன். ஆயினும் ஒன்று எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். வள்ளுவரை நேரில் கண்டவர் நம்மில் எவருமிலர். வேணுகோபால் சர்மா என்னும் ஓவியர், குறளைப் படித்து உள்ளத்தில் கண்ட ஒன்றுக்கு உருவம் கொடுத்தார். நாடே அதனை ஏற்றுக்கொண்டது. கண்ணுக்குத் தெரியாத அறத்திற்கு அவர் உருவம் தந்தார். கண்முன்னே இருந்தும் நாம் காணத் தவறும் ஓர் உண்மைக்கு இச்சதுரங்கள் உருவம் தருகின்றன. இரண்டும் அறிவுக்கு உறவே, பகையன்று. ஒரே சுவரில் இரண்டும் இருக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இக்காலனியில் வாழும் நமக்கு ஓர் உள்ளச்சம் உண்டு. பிறமொழி பேசுவோர் நடுவே வாழ்கிறோம். நம் பிள்ளைகள் தெருவில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி, வீட்டில் ஒரு மொழி பேசுகின்றனர். நம் நிறம் மங்கிவிடுமோ என்று அஞ்சுகிறோம். கோடை விடுமுறைக்கு ஊர் சென்றால், பிள்ளைகளின் பேச்சில் இந்தி வாடை என்று நம் உற்றாரே நகைக்கின்றனர். இங்கே அண்டை வீட்டாரோ அவர்களை மதராசிப் பிள்ளைகள் என்கின்றனர். ஒரே பிள்ளை, அங்கே ஒரு நிறமாயும் இங்கே ஒரு நிறமாயும் தோன்றுகிறது. இவற்றுள் எது அதன் உண்மை நிறம் என்று கேட்டுப் பெற்றோர் வருந்துகின்றனர்.

வருந்த வேண்டா. கறுப்பின் மேல் வெளுத்தும் வெள்ளையின் மேல் கறுத்தும் தோன்றிய சாம்பல் துண்டை நினைத்துக்கொள்ளுங்கள். துண்டு மாறவில்லை. ஆனால் ஓர் எச்சரிக்கையும் அத்தாளிலேயே உண்டு. அண்டை நிறத்தால் மாறுவது தோற்றம் மட்டுமே. மை காய்ந்து வெளிறினால் எந்த அண்டையும் அதனைக் காப்பாற்றாது. வெயிலில் தொங்கவிட்ட படம் வெளுத்துப் போகும். மை நம் பொறுப்பு. அதனை ஊட்டுவதற்கே இச்சங்கமும், வார இறுதித் தமிழ் வகுப்பும், வாசகசாலையும் இருக்கின்றன. அண்டையாரைக் குறைகூறுவதனால் நம் மை அடர்த்தி பெறாது. நம் வீட்டில் நாம் தமிழ் பேசிப் படிப்பதனாலேயே பெறும். நல்ல மையுள்ள நிறம், வேறு நிறத்தின் அருகே நிற்கும்போது முன்னினும் ஒளிபெறும். நம் படத்தின் நடுவிலுள்ள எலுமிச்சை மஞ்சளை அவ்வளவு சுடர விடுவது அதனைச் சூழ்ந்த சாம்பலே அல்லவா?

செயற்குழுவினர்க்கு என் விண்ணப்பம் இது. அப்படம் அங்கேயே இருக்கட்டும். நேர்வெயில் படாத வடபுறச் சுவருக்கு மாற்றி, சன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுமாறு மாட்டினால் நன்று. எதிரே ஒரு நாற்காலி போடுவேன். ஒவ்வொருவரும் ஒரு முறையேனும் ஐந்து நிமிடம் அமர்ந்து பாருங்கள். அதன் பின்னும் அதில் ஒன்றுமில்லை என்று தோன்றினால், அடுத்த கூட்டத்தில் அவ்வாறே சொல்லுங்கள். நானே என் கையால் இறக்கி வைக்கிறேன். பாராமலே இறக்க வேண்டா என்பதே என் வேண்டுகோள்.

அப்படத்தை அச்சிட்டவர் நம் காலனிப் பெண். பிற ஓவியர் பிற நாட்டில் கண்ட உண்மையைத் தம் கைகளால் மீண்டும் செய்து பார்த்து, அதன் முதற்படியைத் தம்மை வளர்த்த சங்கத்திற்குக் கொடுத்தார். அவ்வன்புக்கு நாம் செலுத்தும் நன்றி, அதனைக் கண்ணாரக் காண்பதே.